கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. தன் குறையை மறைத்து, நின்ற இடத்தின்மேற் பழி சுமத்துவோரை எள்ளி எழுந்த மொழி அது. வீட்டிலிருந்தவாறே கணினிக்கு நிரலெழுதக் கற்க முனைவோரிடத்தோ இப்பழமொழி தலைகீழாகிவிடுகின்றது. அங்கே கூடம் மெய்யாகவே கோணலாயிருக்கும். ஆடுபவர்தாம் தமக்கு ஆடத் தெரியாதென்று எண்ணிச் சோர்ந்து இறங்கிவிடுகின்றார்.

கந்தோரொன்றில் எழுதுவினைஞராயுள்ள ஒருவர், தம் வீட்டு வரவு செலவைக் கணக்கிட நிரலொன்று எழுத விரும்புகின்றார் எனக் கொள்க. பகல் முழுதும் உத்தியோகம். இரவில் இரண்டு மணி நேரமே அவருக்குரியது. ஐயம் கேட்க அருகில் ஆசிரியர் இல்லை. கற்பதற்கு எளிதென்று கேள்வியுற்றுப் பைதன் மொழியைத் தேர்ந்தார். இலங்கைப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பினர் கற்கும் மொழியும் அதுவே. பின்னர், தேர்ந்த பொறியியலாளர் புகழ்ந்த பெரியதொரு நிரலாக்கச் சூழலைத் தம் மடிக்கணினியில் நிறுவலானார். முதல் இரவு நிறுவுவதிலேயே கழிந்தது. இரண்டாம் இரவு, அச்சூழல் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடுவதிற் கழிந்தது. மூன்றாம் இரவு மூன்று வரி எழுதி இயக்கினார். சிவப்பெழுத்திற் பிழைச்செய்தி தோன்றியது. பிழை தாம் எழுதிய மூன்று வரிகளிலா, சூழலை அமைத்த முறையிலா என்பதை அவரால் அறிய முடியவில்லை. நான்காம் இரவு கணினி திறக்கப்படவில்லை.

இவர் தோற்றது நிரலெழுதுவதில் அன்று. அதற்குரிய இடத்தைத் தேர்வதிலேயாம். ஆகவே, அவ்விடம் யாது, அதனைத் தேரும் முறை யாது என்பன ஆராயத்தக்கன.

நிரலெழுதுவோருக்கு மூன்று கருவிகள் வேண்டும். நிரலின் வரிகளை எழுதித் திருத்துவதற்கு ஒரு பதிப்பி. அவ்வரிகளைக் கணினி நிறைவேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மொழிமாற்றி. தவறு எங்கேயென்று தேடிக் காணும் வழுநீக்கி. இம்மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டதே ஒருங்கிணைந்த விருத்திச் சூழல் எனப்படும். 1983-இல் போர்லண்ட் என்னும் அமெரிக்கக் கொம்பனி, டேர்போ பாஸ்கல் என்ற மென்பொருளை 49.95 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அதன் மொழிமாற்றிக்கு அடித்தளமிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த அண்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க். எழுதுமிடமும் மொழிமாற்றியும் அதில் ஒன்றாயிருந்தன. நிரலிற் பிழையிருப்பின், அது மொழிமாற்றத்தை நிறுத்தி, பிழை கண்ட இடத்திலேயே எழுதுபவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. விலை குறைவு, வேகம் மிகுதி என்பனவற்றோடு, “உன் பிழை இங்கே உள்ளது” என்று உடனே காட்டிய இப்பண்பும் அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

வீட்டிற் கற்பவர் தேட வேண்டியதும் அப்பண்பையே. தம் பிழை எது, கருவியின் பிழை எது என்று பிரித்தறிய இடந்தரும் சூழலே அவருக்கு ஏற்றது. வசதிகளின் தொகை இரண்டாம் பட்சம்.

கோணற் கூடத்திற்கு ஓர் உதாரணம் காட்டலாம். ஒரே கணினியில் இரண்டு பைதன் பதிப்புகள் நிறுவப்பட்டிருப்பது அரிதன்று. கற்பவர் தமக்கு வேண்டிய துணைத்தொகுதியொன்றை முதலாவதிற் சேர்த்திருப்பார். சூழலோ இரண்டாவதைக்கொண்டு நிரலை இயக்கும். அத்தொகுதி காணப்படவில்லை என்று செய்தி வரும். கற்பவர் தம் நிரலை நூறு முறை திருத்தினாலும் அக்குறை நீங்காது. ஏனெனில் நிரலிற் குறையே இல்லை.

இனி, இன்று கிடைப்பனவற்றைப் பார்ப்போம். விண்டோஸ், மக் கணினிகளிற் பைதனை நிறுவும்போது ஐடில் என்னும் சிறு சூழல் உடன் வருகின்றது. அதனை முதலில் ஆக்கியவர், பைதன் மொழியைப் படைத்த கைடோ வான் ரொசம் அவர்களே. தோற்றத்தில் எளியதெனினும், எழுதவும் இயக்கவும் வழு தேடவும் அது போதுமானது. எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி என்னும் சூழல் தொடக்கநிலை மாணவருக்கென்றே அமைந்தது. விண்டோஸ் கணினிக்குரிய அதன் நிறுவற் கோப்பில் பைதனும் அடங்கியிருப்பதால், முன்னர்ச் சொன்ன இரட்டைப் பதிப்புக் குழப்பத்திற்கு இடம் குறைவு. மாறிகள் ஒவ்வொன்றும் எப்பெறுமானத்தைக் கொண்டுள்ளன என்பதை அது பக்கத்தே காட்டும். ஒரு கணிதக் கோவை படிப்படியாகச் சுருங்கி விடையாவதையும் காட்டும்.

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட விசுவல் ஸ்டூடியோ கோட் இலவசமானது. பல மொழிகளுக்கு உதவுவது. எனினும் அடிப்படையில் அது ஒரு பதிப்பியே. பைதனை வேறாக நிறுவி, அதற்குரிய நீட்சியையும் சேர்த்து, இரண்டையும் இணைத்தல் பயனரின் பொறுப்பாகும். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் பைசார்ம் வசதிகள் நிறைந்தது. பெரிய பணிகளுக்கு உகந்தது. ஆயினும் நினைவகத்தை மிகுதியாக உண்பது. 4 கிகாபைற்று மட்டுமே உள்ள பழைய கணினியில் அது தள்ளாடும். இணைய உலாவியிலேயே இயங்கும் சூழல்களும் உள. நிறுவும் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் இணைப்பு அறுந்தால் வேலையும் அறும்.

இவற்றுள் எதனைக் கொள்வது? புகழ்ச்சியுரைகளைப் படிப்பதினும், ஒரு மணி நேரம் சோதித்துப் பார்ப்பதே தக்கது. நிறுவிய பின் இணையத்தைத் துண்டித்துவிட்டு மூன்று வரி நிரல் எழுதி இயக்க வேண்டும். அது இயங்கினால் கூடத்தின் தளம் சமமானது. அடுத்து, வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை மூடாது விட்டு இயக்க வேண்டும். முற்காலப் பைதன் பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைச் சுட்டி அங்கே இலக்கணப் பிழை என்று கூறும். 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதலாக, அடைப்புக்குறி மூடப்படவில்லை என்றே செய்தி வருகின்றது. ஆகவே பழைய பதிப்பைக் கையாள்பவர் குற்றமற்ற வரியைத் திருத்திக்கொண்டிருக்க நேரலாம்.

தமிழருக்கு வேறொரு சோதனையும் உண்டு. “தமிழ்” என்ற சொல்லைத் திரையில் அச்சிடச் செய்ய வேண்டும். சில சூழல்களிற் புள்ளியும் விசிறியும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். அது காட்டும் கருவியின் குறை. பின்னர் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைதன் 5 என்று விடை பகரும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து வந்தது எவ்வாறு? யூனிகோட் முறையில் மகரத்தின்மேல் வரும் இகரக் குறியும், ழகரத்தின்மேல் வரும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். இங்கே ஆட்டமும் பிழையன்று, கூடமும் பிழையன்று. எண்ணும் முறையே வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வீண் கலக்கமடையார்.

கருவியை நிலையானதென்று நம்பிவிடுதலும் தகாது. பலர் விரும்பிய அட்டம் என்னும் பதிப்பி 2022 டிசம்பர் 15-ஆந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. தம் நிரல்களைச் சாதாரண உரைக் கோப்புகளாக வைத்திருந்தோர் அவற்றை வேறு பதிப்பியிற் திறந்து வேலையைத் தொடர முடிந்தது. எந்தச் சூழலைக் கொண்டாலும், எழுதியது அச்சூழல் இன்றியும் திறக்கக்கூடியதா என்று பார்த்தல் வேண்டும். வேறோரிடத்தில் ஒரு பிரதி வைத்தலும் வேண்டும்.

மேற்சொன்ன எழுதுவினைஞர் மீண்டும் ஓர் இரவு கணினியைத் திறப்பாராயின், சிறிய சூழலொன்றைக்கொண்டு தொடங்குவதே நன்று. முதல் மூன்று வரியை அன்றிரவே இயக்கிவிடலாம். அரிசிக்கும் மின்சாரத்துக்கும் செலவானதைக் கூட்டும் நிரலில் விடை தவறினால், வழுநீக்கியால் ஒவ்வொரு வரியாக நிறுத்தி, கூட்டுத்தொகை எவ்விடத்தில் மாறியது என்று தாமே காணலாம். சில மாதங்களின் பின் நிரல் பல கோப்புகளாக வளர்ந்து, ஒன்றை மாற்றினால் மற்றொன்று குலையும் நிலை வரும்போது, பெரிய சூழலுக்கு மாறலாம். அப்போது அச்சூழல் கேட்கும் கேள்விகள் யாவும் அவருக்கு விளங்கும். சிவப்பெழுத்தைக் கண்டால், அது யாருடைய பிழையென்று அவரே சொல்லிவிடுவார்.