சிறு தொழிலும் டிஜிட்டல் கருவியும்: போனக்காட்டில் ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் திருவனந்தபுரம் கிளை அங்கத்தினர்கள் குடும்பத்துடன் போனக்காடு சென்றுவந்த நாளில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களின் உபயோகத்திற்காக இங்கே தரப்படுகிறது.)



சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே மலை, பக்கத்தில் தேயிலைத் தோட்டம், குளிர்ந்த காற்று. இந்த இடத்தில் கணினி, கைபேசி, வியாபாரம் என்று பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கலாம். ரொம்பப் பொருத்தம் என்பதுதான் என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம்மவர்களில் உத்தியோகஸ்தர்களே அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் சமையல் கான்ட்ராக்ட், அப்பளம், வடாம், பொடி வகைகள், பூஜை சாமான் கடை, பாட்டு வகுப்பு, டிராவல்ஸ் என்று சொந்தமாகத் தொழில் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எல்லோரும் ஆன்லைன் என்கிறார்களே, நாங்கள் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவழிக்க வேண்டும்?" அதற்குப் பதில் சொல்ல இந்தப் போனக்காடே இரண்டு உதாரணங்களைத் தருகிறது.

முதல் உதாரணம் தேயிலை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய தோட்டம் இது. பிற்காலத்தில் தொழில் நொடித்து, தொழிற்சாலை ஓட்டம் நின்று, தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி விழுந்து, பல குடும்பங்கள் லயங்களை விட்டு மலையிறங்கிப் போன கதை கேரளப் பத்திரிகைகளில் பலமுறை வந்தது. கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதே காலத்தில்தான் தேயிலை வியாபாரம் கணினிக்கு மாறியது என்பதைக் கவனியுங்கள். கொச்சியில் 1947-லும், குன்னூரில் 1963-லும் தொடங்கிய தேயிலை ஏலங்கள் குரல் எழுப்பிக் கேட்கும் ஏலங்களாகவே வெகுகாலம் நடந்தன. 2008, 2009-ஐ ஒட்டித் தேயிலை வாரியம் எல்லா ஏல மையங்களிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2016-ல் ஒரு மையத்து வியாபாரி மற்ற மையங்களிலும் வாங்கக்கூடிய அகில இந்திய ஏலம் வந்தது. விற்கிறவருக்கு இது நல்ல ஸௌகர்யம். வாங்குகிறவர் எங்கிருந்தாலும் விலை கேட்கலாம். ஏலக்கூடத்தில் நாலு பேர் கண்ஜாடை காட்டி விலையை அமுக்குவதும் கஷ்டமாகிறது.

ஆனால் அந்தத் திரைக்குத் தேயிலை போய்ச் சேர வேண்டுமே! பறித்த இலை தாமதமில்லாமல் ஆலைக்கு வர வேண்டும். வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். அதற்கு இயந்திரம் ஓட வேண்டும், செடியைப் பராமரிக்க வேண்டும், கூலி ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் எவ்வளவு நவீனமான ஏலம் இருந்தும் பயனில்லை. சரக்கு சரியில்லாத கடையை வெப்சைட் காப்பாற்றாது. சரக்கு நன்றாக இருந்து வாங்குகிறவருக்கு வழி தெரியாமல் இருந்தால், அங்கே கட்டாயம் உதவும். முதலில் நம் தொழில் இந்த இரண்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கத்திலிருந்து நடக்கிறவர்கள் இந்தப் போனக்காட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். (நம் கரமனை ஆறு பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான். கரமனைக்காரர்கள் கவனிக்கவும்!) ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சில வாரங்கள் மட்டுமே அனுமதி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடந்து தங்கி, மறுநாள் சிகரம் ஏற வேண்டும்.

முன்பெல்லாம் இதற்குத் திருவனந்தபுரத்தில் வனத்துறை அலுவலகத்துக்கு நேரே போக வேண்டும். பிறகு வனத்துறை இதை ஆன்லைன் பதிவாக மாற்றியது. கணினி பழக்கமில்லாதவர்கள் அக்ஷயா மையத்தில் போய்ப் பதியலாம். அக்ஷயா என்பது கேரள அரசு 2002-ல் மலப்புரத்தில் தொடங்கிய திட்டம். அந்த மையங்களை நடத்துகிறவர்களும் சிறுதொழில் முனைவோர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

வனத்துறை எதைக் கணினிக்கு மாற்றியது, எதை மாற்றவில்லை என்று பாருங்கள். இடம் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். யார் எந்தத் தேதியில் வருகிறார், அடையாளச் சான்று என்ன, பணம் கட்டினாரா? இந்த ஒரு இடத்தில்தான் சிக்கல் இருந்தது. அதை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். காட்டில் வழிகாட்டுகிறவர் இந்தப் பகுதி மனிதர்தான். முகாமில் கஞ்சி காய்ச்சித் தருவது சூழல் மேம்பாட்டுக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள்தான். முன்கூட்டியே எண்ணிக்கை தெரிவதால் அவர்களும் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று திட்டமிட முடிகிறது.

நம் தொழிலுக்கும் இதுவே வழி. எங்கே சிக்குகிறதோ அந்த ஒரு இடத்தில் கருவியை வையுங்கள். அடுத்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக எல்லா இடத்திலும் வைக்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு சாட்சியும் இதே கேரளத்திலிருந்து உண்டு. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைபேசி சேவை படிப்படியாக வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் அதைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன், ஒரு கரையில் மீன் விலைபோகாமல் கடலில் கொட்டப்படும். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் வாங்க வந்தவர் மீன் கிடைக்காமல் திரும்புவார். கைபேசி வந்ததும் படகில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை உண்டு என்று கேட்டார்கள். வீணாவது அநேகமாக நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது. இரண்டு தரப்புக்கும் லாபம்! அந்த மீனவர்கள் யாரும் ஆலோசகரை வைத்துக்கொள்ளவில்லை. "வாங்குகிறவர் எங்கே?" என்ற ஒரே கேள்விக்குக் கைபேசியைப் பயன்படுத்தினார்கள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒருவர் கோட்டைப் பகுதியில் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கல்யாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் நின்றன. அவரை நம்பி ஐந்து பரிசாரகர்கள். அவரிடம் இருந்த சொத்து ஒரு பழைய நோட்டுப் புத்தகம். இருபது வருஷமாக யார் வீட்டு விசேஷம், என்ன தேதி, என்ன மெனு, எந்த டெலிபோன் நம்பர் என்று அதில் எழுதி வைத்திருந்தார். அவர் பெண் அந்த நம்பர்களைக் கைபேசியில் ஏற்றினாள். மறுநாள் மெனுவை முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது, இரவு ஒன்பது மணிக்குள் வேண்டியவர்கள் பதில் போடுவது, காலையில் அந்தக் கணக்குக்கு மட்டும் காய்கறி வாங்குவது என்று ஏற்பாடு செய்தாள். தனியாக இருந்த வயதானவர்களுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. ஐந்து பேரில் ஒருவரையும் அனுப்பவில்லை. ஊரடங்கு தீர்ந்து கல்யாணங்கள் மறுபடி வந்த பிறகும் அந்தச் சாப்பாட்டு வியாபாரம் தொடர்ந்தது.

இன்னொருவர் இளைஞர். அம்மாவின் கைப்பக்குவத்தில் பொடி வகைகள் தயாரித்து விற்கிறவர். தனக்கென்று ஒரு 'ஆப்' வேண்டும் என்று ஆசைப்பட்டார். மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்தார். ஐந்து டப்பா பொடி வாங்க யார் தனியாக ஒரு ஆப்பை இறக்கிக்கொள்வார்கள்? செய்து கொடுத்த நிறுவனம் வருஷச் சந்தா கேட்டது. கொடுக்க முடியாதபோது சேவையை நிறுத்தியது. வாடிக்கையாளர் விவரமும் அதோடு போயிற்று. நகையை மீட்க அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. பொடியில் ஒரு குறையும் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. வாங்கியவர் மறுபடி வாங்க ஞாபகப்படுத்த ஆள் இல்லை. அதற்கு ஒரு பட்டியலும் மாதம் ஒரு செய்தியும் போதும். இன்று அதைத்தான் செய்கிறார். நன்றாக நடக்கிறது.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது.

முதலில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஆர்டர் தவறிப் போகிறதா, பணம் வசூலாகத் தாமதமா, சரக்கு வீணாகிறதா, பழைய வாடிக்கையாளர் திரும்ப வருவதில்லையா? இவற்றில் அதிகம் நஷ்டம் எதில்? அதுதான் முதல் வேலை.

இரண்டாவது, பண விஷயம். யுபிஐ 2016-ல் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செலுத்தும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. தொழிலுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வீட்டுப் பால் கணக்கும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்தால் லாபமா நஷ்டமா என்று பகவானுக்குத்தான் தெரியும். தினம் ராத்திரி வரவைச் சரிபாருங்கள். ஒரு எச்சரிக்கை: பணம் பெற்றுக்கொள்ள ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. "உங்களுக்குப் பணம் வர இந்த எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, பெரிய விற்பனைத் தளங்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு டப்பா பொடி 200 ரூபாய். சாமான், கூலி, டப்பா எல்லாம் 140. மிச்சம் 60. தளத்தின் கமிஷனும் அனுப்பும் செலவுமாக 50 போனால் கையில் 10. ஒரு டப்பா உடைந்து திரும்பி வந்தால், பத்துப் பதினைந்து டப்பா விற்ற லாபம் போயிற்று! அதற்காகத் தளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மும்பையிலும் டெல்லியிலும் நம்மைத் தெரியாதவர்களுக்கு அறிமுகமாக அது நல்ல வழி. உள்ளூரில் தெரிந்தவர்களுக்கு விற்க அது தேவையில்லை. டப்பா மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொடர்பு எண் போட வேண்டும் என்பது சட்டமே. அதைத் தெளிவாகப் போடுங்கள்.

நான்காவது, அரசாங்கப் பதிவுகள். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் ஆன்லைனில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சிறு வியாபாரிகளும் தங்கள் மாநிலத்துக்குள் இணையத் தளங்கள் மூலம் பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் முதல் விதி தளர்ந்தது. நிபந்தனைகளை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் விவரத்தை மாதம் ஒருமுறை நகல் எடுத்து வையுங்கள். கடவுச்சொல் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். எல்லாம் பிள்ளைக்குத்தான் தெரியும், பிள்ளை அமெரிக்கா போய்விட்டான் என்றால் கடை என்ன ஆகும்? அதே சமயம் அந்த விவரங்களை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நம்பிக் கொடுத்த நம்பர் அது. 2023-ல் இதற்கென்று சட்டமே இயற்றியிருக்கிறார்கள்.

ஆறாவது, எந்தக் கருவியையும் மூன்று மாதம் சோதனையாக வையுங்கள். தொடங்கும் நாளில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் வீணான சாப்பாடு எத்தனை, நிலுவை எவ்வளவு, திரும்பி வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று ஏதாவது ஒன்று. மூன்று மாதத்தில் அந்த எண் நல்ல பக்கம் நகராவிட்டால் கருவியை நிறுத்திவிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். கடன் வாங்கித் தொடங்கவே வேண்டாம்.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கிளைகளில் கணினித் துறையில் இருப்பவர்களுக்குக் குறைவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஊரில் சிறு தொழில் செய்யும் ஒரு மாமாவுக்கோ மாமிக்கோ உதவுங்கள். அவர்கள் தொழிலை நீங்கள் மாற்ற வேண்டாம். முதல் நாள் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எங்கே சிக்கல் என்று அவர்களுக்கே தெரியும். கிளைச் செயலாளர்கள் இதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்தால், அடுத்த காலாண்டிலேயே தொடங்கிவிடலாம். பொடி விற்கிற வீட்டில் நகை அடகுக்குப் போகாமல் இருந்தால் அதுவே நமக்குப் போதும்.