நாரத்தை போன வழி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளையும் கமலா ஆரஞ்சுக்குக் கத்தி வேண்டாம். நகம் பட்டதுமே தோல் கழன்றுவிடும்.

‘ஆரஞ்சு’ என்ற பெயருக்கோ நம் ஊறுகாய் ஜாடியோடு உறவு! நாரத்தைக்கு இனமான திராவிடச் சொல்லே வடமொழியில் ‘நாரங்க’, பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’ என்றாகி ஐரோப்பா போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. ஸ்பானிய மொழியில் அது ‘நரங்ஹா’. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் முன்னிருந்த ‘ந’ இல்லை.

கிரேக்கத்தில் ‘நெராந்சி’ கேட்டால் கசப்பு ஆரஞ்சுதான் கிடைக்கும். இனிப்பு வேண்டுமா? ‘போர்த்தொகாலி’ என்று கேட்க வேண்டும். போர்ச்சுகல் பெயரால் வந்த சொல். டச்சுக்காரர்களுக்கு அதுவே ‘சீன ஆப்பிள்’.

போர்ச்சுகீசியரோ அதை ‘லரான்ஜா’ என்கிறார்கள். அதுவும் நாரங்கத்தின் வழிவந்ததுதான்.