விருப்பமும் மதிப்பெண்ணும்



பொறியியற் கலந்தாய்வு அணுகுங்கால் நம்மவர் இல்லந்தோறும் எழும் கவலையைக் குறித்துச் சில சொல்லப் புகுந்தோம். தமிழ்நாட்டில் கணிதம் 100, பௌதிகம் 50, இரசாயனம் 50 ஆக 200க்கே தரவரிசை கணிக்கப்படுகின்றது. அப்பாடங்களில் முறையே 92, 84, 88 பெற்றவனுக்கு 92, 42, 44 கூடி 178 ஆம். மொத்த மதிப்பெண்ணைக் கண்டு மயங்கற்க.

சென்ற ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும், பாடப்பிரிவிலும், தம் வகுப்பினர்க்குரிய கடைசி இடம் எம்மதிப்பெண்ணில் முடிந்ததென நோக்குக. அது ஆண்டுதோறும் ஏறும், இறங்கும். ஆதலின் எட்டுதற்கரியன சில, ஒத்தன பல, உறுதியாயின சில எனப் பட்டியல் வகுக்க. விரும்பியதை முதலில் எழுதுவதாற் பின்னுள்ளவை கெடா. பட்டியலைச் சுருக்குவதே கேடு.

எம்மிடம் பயின்ற ஒருவன், தந்தையாரின் மானங்கருதி மூன்றே கல்லூரிகளைக் குறித்தான். முதற்சுற்றில் ஓரிடமும் கிட்டவில்லை. அவன் தலைகவிழ்ந்து நின்றதை யாம் மறவோம். அப்பட்டியலைப் பார்த்து, "போதும்" என்றவரும் யாமே.

பெற்றோர்களே! கல்லூரி நம் வீட்டுப் பெருமைக்கன்று, பிள்ளையின் வாழ்வுக்கு. பட்டியலைப் பதியுமுன் சங்கத்திற்குக் கொணருங்கள். இம்முறை உடனிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.