கை தொங்கினால் பக்கவாதம்தானா?

நாற்காலி முதுகின்மேல் கையைப் போட்டபடி அசந்து தூங்கிவிட்டு, எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல், பக்கவாதமோ என்று பதறி வருபவர்கள் உண்டு. பெரும்பாலும், மேல்கை எலும்பைப் பின்புறமாகச் சுற்றி இறங்கும் ரேடியல் நரம்பு அழுந்தியதன் விளைவு அது.

விரல்களை மடக்கும் நரம்புகள் வேறு. அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் காபி டம்ளரை இறுகப் பிடிக்க வராது. ஏன்? மணிக்கட்டைக் கீழே மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், இப்போதே! இறுகாது. சற்று நிமிர்த்துங்கள், இறுகும். மணிக்கட்டை நிமிர்த்தி ஸ்பிளின்ட் கட்டுவது இதற்காகத்தான்.

முழங்கையில் இடித்தால் 'ஷாக்' அடிக்கிறதே, அது அல்நார் நரம்பு. அது கெட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கிபோல் வளையும். சாவி திருகுவதே கஷ்டம்.

அழுந்திய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். அறுந்து தைத்த நரம்பு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை மூட்டுகள் விறைக்காமல் தினமும் மறு கையால் மடக்கி நீட்ட வேண்டும். (இதில் மாமாக்களைவிட மாமிகள் கெட்டி!)

ஆனால், கை திடீரென்று தொங்கினால், "தூக்கத்தில் அழுந்தியிருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். சில சமயம் பக்கவாதமும் இதே வேஷத்தில் வரும். நரம்பா, மூளையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.