கணினியும் அதனை ஆளும் தளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தண்டவாளமே இல்லாத தீவிற்கு இரயில்வே எழுத்தர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பொறியியல் பயின்ற இளைஞர்கள் இவ்வவையில் வீற்றிருக்க, கணினியைப் பற்றி நாம் பேசப் புகுந்தது துணிச்சலே ஆகும். ஆயினும் இருபது ஆண்டுகளாகக் கணினியின் முன் அமர்ந்து பயணச்சீட்டு வழங்கியே பிழைத்து வருகிறோம். பெரார்கஞ்சில் வாழும் தமக்கையார் இல்லத்திற்கு வரும்போதெல்லாம், சங்க அறையிலுள்ள இரண்டு கணினிகளையும் தூசு தட்டிப் பார்க்கும் பணி நம் தலையில் விழுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த உரிமையில்தான் பேசுகிறோம்.

சங்கச் செயலாளர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே. அவ்விரு கணினிகளிலும் உள்ள விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, அதனைச் செய்த மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. விரும்புவோர்க்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்றும் அறிவித்தது. அது தவணையே அன்றித் தீர்வு அன்று. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு உள்ள பொறியையே கேட்கிறது. நம் கணினிகளோ பத்தாண்டைக் கடந்தவை. அவ்வுறுப்பு அவற்றில் இல்லை. ஆகவே புதுக் கணினி வாங்க வீடுதோறும் நன்கொடை திரட்டுவதா, அன்றி லினக்ஸ் என்று இளைஞர்கள் சொல்லும் ஒன்றைப் பழைய கணினியிலேயே ஏற்றிக்கொள்வதா? இதுவே கேள்வி.

இயங்குதளம் என்றால் என்ன என்று தாய்மார்கள் சிலர் காலையில் கேட்டனர். தொழில் வழியாகவே விடை சொல்கிறோம். இருப்புப்பாதை, எஞ்சின், பெட்டி ஆகியவை கணினியின் உடல். கடிதம் எழுதும் நிரல், கணக்குப் போடும் நிரல் எல்லாம் அப்பாதையில் ஓடும் வண்டிகள். எந்த வண்டி எந்தத் தடத்தில் எப்போது நுழைய வேண்டும், எது காத்து நிற்க வேண்டும் என்று கைகாட்டியை இறக்கி ஏற்றும் நிலைய அதிகாரிதான் இயங்குதளம். அவர் விழிப்பாயிருந்தால் அவர் இருப்பதே தெரியாது. அவர் சற்றுக் கண்ணயர்ந்தால் நிலையம் முழுதும் கூக்குரல்.

இன்று மேசைக் கணினியில் இப்பதவிக்குப் போட்டியிடுவோர் மூவர். ஜன்னலும் படமும் சுட்டெலியும் கொண்டு கணினியை ஆளும் முறையை அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம் 1973இல் ஆல்டோ என்ற கணினியில் செய்து காட்டியது. அதனை ஆப்பிள் நிறுவனம் 1984இல் மெக்கின்டோஷ் கணினி வழியே மக்களிடம் கொண்டுசென்றது. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் விண்டோஸ் வெளியிட்டது. எம் தோற்றத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஆப்பிள் 1988இல் வழக்குத் தொடுத்து, 1994இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. தானே பிறரைப் பார்த்துச் செய்ததைப் பிறர் தன்னைப் பார்த்துச் செய்தார் என்று வழக்காடிய விந்தையை என்னென்பது!

மூன்றாமவர் கதை வேறு. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் அதன் நடுக்கருவைத் தாமே எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ். இதற்கு விலை இல்லை. உரிமையாளர் ஒருவர் என்பதும் இல்லை. இதனைக் கேட்டதும் விலையில்லாப் பொருள் தரமில்லாப் பொருள் என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். உலகின் மிகப் பெரிய 500 கணினிகளின் பட்டியலில் 2017 முதல் எல்லாமே லினக்சில் ஓடுவன. அவ்வளவு ஏன், உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் அதே நடுக்கருதான். அறியாமலே நாள்தோறும் அதனோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம் முன்பதிவு அலுவலகத்தின் பின்னே நின்ற பெருங்கணினி இம்மூன்றில் எதுவும் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். கிரிஸ் என்னும் இரயில்வே தகவல் மையம் உருவாக்கிய கான்சர்ட் முன்பதிவு முறை, ஓப்பன்விஎம்எஸ் என்னும் பழைய இயங்குதளத்தின்மீது பல்லாண்டு ஓடியது. அதன் பெயரைப் பயணிகளுள் எவரும் கேட்டதில்லை. சீட்டுக் கிடைத்ததா என்றுதான் கேட்டனர்.

சரி, லினக்ஸ் இத்துணை நல்லதெனில் எல்லோரும் ஏன் அதற்கு மாறவில்லை? தமிழ்நாட்டில் மீட்டர் பாதையும் அகலப் பாதையும் இருந்த காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். ஒன்று 1,000 மில்லிமீட்டர், மற்றொன்று 1,676. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. சந்திப்பு நிலையத்தில் சரக்கை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். விண்டோசுக்கென எழுதிய நிரலும் லினக்சில் அவ்வாறே ஓடாது. ஒயின் என்னும் துணை நிரல் கொண்டு சிலவற்றை ஓட்டலாம், எல்லாவற்றையும் அன்று. நம் மைத்துனர் கடைக்கணக்கை டாலியில் வைத்திருக்கிறார். அவர் விண்டோசை விட வேண்டா என்றே நாம் சொல்வோம்.

தமிழ்நாடே இதற்குச் சான்று. 2011இல் அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோசோடு பாஸ் என்னும் லினக்சும் இருந்தது. பாஸ் என்பது சென்னையில் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென 2007இல் வெளியிட்டது. நாம் அறிந்த பிள்ளைகளுள் ஒருவர்கூட அதனைத் திறந்து பார்த்ததில்லை, கற்றுக்கொடுப்பார் இல்லை. கேரளத்திலோ பள்ளிப் பாடமும் ஆசிரியர் பயிற்சியும் லினக்சிலேயே அமைந்தன. அங்கே குழந்தைகள் அதில் தயங்காமல் எழுதுகிறார்கள். வேறுபாடு பொறியில் இல்லை, பயிற்சியில் இருந்தது என்பது நம் கருத்து.

இனி இத்தீவிற்கே உரிய செய்திக்கு வருகிறோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி வடம் வந்து சேரும்வரை இங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பல நூறு மெகாபைட் அளவுள்ள விண்டோஸ் திருத்தத்தை யார் இறக்கிக் காத்திருப்பார்? பலர் திருத்தத்தையே நிறுத்தி வைத்தனர். பாட்டும் படமும் பென் டிரைவ் வழியே வீடு வீடாகச் சென்றன. வைரசும் உடன் சென்றது. போதாக்குறைக்கு, கடைக்காரர் ஒருவர் (பெயர் வேண்டா) தமக்கையாரின் மகனுக்குத் திருட்டு விண்டோசைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒருநாள் கணினி திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்புகள் அனைத்தும் போயின. பிள்ளை இரண்டு நாள் உண்ணவில்லை. அதன்பின் அதே கணினியில் லினக்சை ஏற்றிக் கொடுத்தோம். நான்கு ஆண்டு ஓடியது. லினக்சுக்கு வைரசே வாராது என்று சிலர் சொல்வது மிகை. ஆயினும் பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரசு அங்கே வாலாட்ட இயலாது.

தமிழ் எழுதுவதில் வேற்றுமை பெரிதில்லை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் உண்டு. ஆப்பிள் கணினியில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி எழுத்துருவே உடன் வருகிறது, கண்ணுக்கு இனியது. ஆனால் மேக் இயங்குதளம் ஆப்பிள் விற்கும் கணினிக்கே உரியது; நம் பழைய பொறிகளில் ஏறாது; விலையும் நம் சங்கத்திற்கு எட்டாது. அதனை அத்தோடு விடுவோம்.

உண்மையான இடர் நம் பழைய மலர்களில் உள்ளது. முன்னைய ஆண்டு மலர்கள் சிலவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மறைந்த பெரியோர் எழுதிய கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தெரிகின்றன. இயங்குதளத்தை மாற்றும்போது இவை முதலில் பலியாகும். ஆகவே முன்னதாகவே அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்றித் தரும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் அமர்ந்து பிழை பார்ப்பதுதான் கடினம்.

நம் முடிவு இது. புதுக் கணினிக்கு இப்போது நிதி திரட்ட வேண்டா. ஒரு கணினியில் மட்டும் முதலில் லினக்ஸ் ஏற்றுவோம். மற்றது விண்டோசிலேயே, இணையத் தொடர்பின்றி, மலர் வேலைக்கு இருக்கட்டும். அச்சகத்தார் கேட்கும் பேஜ்மேக்கர் அதில்தான் ஓடும். ஆறு திங்கள் கழித்துப் பிள்ளைகளைக் கேட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு செய்யலாம். செயலாளர் ஐயாவுக்கு நம்மோடு இதில் முழு உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அச்சுப்பொறி லினக்சில் இயங்குமா என்பது அவர் ஐயம். அது நியாயமான ஐயமே.

சென்னையிலிருந்து கப்பலில் வரும்போதே லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைப் பையில் கொண்டுவந்துள்ளோம். ஏற்றாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கவும் முடியும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையைத் திறந்து வைக்கிறோம். பழைய மலர்க் கோப்புகளைப் படியெடுக்க வேறொரு பென் டிரைவ் வேண்டும். இளைஞர் யாரேனும் கொண்டுவருக. அச்சுப்பொறியைச் செயலாளர் ஐயா கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டுள்ளார்.