நாளுக்கு ஒன்றேகால் பாட்டு

பட்டம் பெறும் மாணவர்களே, பின்வரிசையில் வியர்க்க வியர்க்கக் காத்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

இந்தக் கறுப்பு அங்கியை மாணவராக ஒருநாளும் அணியாத ஒருவரைப் பற்றியது இன்றைய பேச்சு. உ.வே.சாமிநாதையர் கல்லூரியில் படித்தவர் அல்லர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880 பிப்ரவரியில், 25 வயது நிறையும் தறுவாயில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். வேலை கிடைத்தாயிற்று, இனிப் படிப்பு எதற்கு என்று யாருக்கும் தோன்றும் வயதுதான்.

அதே ஆண்டு அக்டோபர் 21. முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் மசியவில்லை. சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? எதையும் படித்ததில்லை. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்பதை, நேர்காணலுக்குப் போய்வந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிந்தாமணிப் பிரதி முதலியாரிடமிருந்தே கிடைத்தது. ஆனால் வாசிப்பு ஓடவில்லை. நச்சினார்க்கினியர் உரை இடறியது. சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. சைவ மடத்தில் பாடம் கேட்டவர், கும்பகோணத்துச் சமணர் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே தோரணம் கட்டியிருந்தது. ஆறு மாதமாக நடந்துவந்த சிந்தாமணி வாசிப்பு அன்றுதான் பூர்த்தியாம்! தாம் உள்ளே நுழையவே திண்டாடிய நூலை, அதே ஊரில் சிலர் கூடி உட்கார்ந்து கேட்டு முடித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு கேட்பதும் குறித்துக்கொள்வதுமாக நாட்கள் போயின. நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமலே பல மேற்கோள்களை எடுத்தாண்டிருந்தார். அவை எங்கிருந்து வந்தவை என்று புரியாமல், ஐயர் அவற்றை அகராதிபோல வரிசைப்படுத்தி எழுதி வைத்தார். பிறகு திருவாவடுதுறை மடத்தில் கிடைத்த சங்க நூல் ஏடுகளைப் புரட்டும்போது, குறித்துவைத்த வரி ஒன்று சட்டென்று எதிர்ப்படும். அன்றைய வரவு அவ்வளவுதான்: அநாதையாகக் கிடந்த ஒரு வரிக்கு ஊரும் பேரும் தெரிந்தது.

1887-இல் ஐயர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 3,145 பாட்டு. ஏழு ஆண்டுக்கும் பகிர்ந்து பார்த்தால் நாளுக்கு ஒன்றேகால் பாட்டு தேறும். கல்லூரி வேலை தனி. ஒன்றேகால் பாட்டுக்கு யார் மாலை போடுவார்கள்? நேற்றுப் புரியாதது இன்று புரிந்தது என்பதை ஐயர் ஒருவரே அறிவார். குறிப்பு எழுதி வைத்ததால் அவருக்கும் தெரிந்தது. நாம் ‘தமிழ்த் தாத்தா’ என்று சொல்லிச் சொல்லி, அந்த 25 வயதுக்காரரை மறந்தேபோனோம்.

உங்கள் மதிப்பெண் பட்டியலிலும் இப்படி விடுபட்டவை உண்டு. முதலாண்டில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பிள்ளை, மூன்றாமாண்டில் ‘இது புரியலைங்க சார்’ என்று வகுப்பில் சொல்லியிருக்கும். அதற்குப் பாடக் குறியீட்டு எண் கிடையாது. வீட்டில் போய்ச் சொன்னால்கூட ‘இதெல்லாம் ஒரு சாதனையா’ என்பார்கள். சாதனைதான்.

முதல் பதிப்போடு ஐயருக்கும் நிறைவு வந்துவிடவில்லை. 20 ஆண்டு கழித்து, 1907-இல், தம் சிந்தாமணியையே திருத்தி இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்தார், 1922-இல் மூன்றாவது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது 1932-இல், அவருடைய 77-ஆவது வயதில். அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி வெளியிட்டார்.