பழைய வீடியோ கேஸட்டுகளை டிஸ்கில் ஏற்ற எந்தக் கருவி வாங்கலாம்?
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் காரியதரிசி, "ஸார், ஆத்துல பரண் மேல இருபது வீடியோ கேஸட் இருக்கு. எந்த மிஷின் வாங்கினா டிஸ்க்ல போட்டுக்கலாம்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கோ" என்றார். நான் இதில் நிபுணன் அல்ல. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

1991-இல் மாதுங்காவில் என் தகப்பனாருக்கு சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. வீடியோக்காரர் மூன்று மணி நேர கேஸட் ஒன்று கொடுத்தார். அடுத்த வருஷம் என் பிள்ளையின் உபநயனம், அதற்கு ஒரு கேஸட். 2006-இல் இரண்டையும் ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி. ஆக்கினேன். "இனிமே கேஸட் எதுக்கு ஸார், இடத்தை அடைக்கும்" என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. உபநயன கேஸட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். மற்றதையும் போட இருந்தேன். நாக்பூரிலிருந்து வந்திருந்த அக்கா, "அப்பா குரல் இருக்கிறதைக் குப்பையில போடுவியாடா?" என்று பிடுங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

2019-இல் பேரனுக்குக் காட்டலாம் என்று டிஸ்குகளை எடுத்தேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். உபநயன டிஸ்கை எந்த பிளேயரும் ஏற்கவில்லை. சஷ்டியப்தபூர்த்தி டிஸ்க் பதினோராவது நிமிஷத்தில் நின்றுபோயிற்று. நாம் வீட்டில் எழுதும் டி.வி.டி.யில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். மட்டமான டிஸ்காக இருந்தாலோ, உஷ்ணத்திலும் ஈரத்திலும் கிடந்தாலோ அந்தச் சாயம் கெட்டுவிடும். உபநயனம் அதோடு போயிற்று. என் ஆத்துக்காரி அதற்காக என்னை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. அக்காவின் பெட்டியில் இருந்த கேஸட் மட்டும் மிச்சம்.

அதை இந்தத் தடவை நானே ஏற்றுவது என்று கருவி தேடப் புறப்பட்டேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "கம்ப்யூட்டரில் சொருகும் அந்தச் சின்னக் கருவி எது நல்லது?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் பணமும் கவனமும் போகவேண்டிய இடம் அது இல்லை. கேஸட்டை ஓட்டும் டெக். டெக் சரியாகப் படிக்காததைப் பின்னால் எந்தக் கருவியும் சேர்க்க முடியாது.

புது வி.சி.ஆர். இப்போது கிடையாது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே வாங்குவதெல்லாம் பழசுதான். மும்பையில் லாமிங்டன் ரோடு, சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட் பக்கம் விசாரித்துப் பாருங்கள். அதைவிட உத்தமம், உறவுக்காரர் வீட்டில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் டெக். அதிகம் ஓடியிராது. பெல்ட் மட்டும் இளகிப் போயிருக்கலாம், மாற்றிவிடலாம்.

நான் முதலில் சல்லிசாக ஒன்று வாங்கினேன். அக்கா போனிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள்: "முதல்ல வேற எதையாவது போட்டுப் பாரு." ஒரு பழைய சினிமா கேஸட்டைப் போட்டேன். நாடாவை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளை இறுகிப்போயிருந்தது போலும். இரண்டு நிமிஷத்தில் நாடாவை உள்ளே இழுத்து இடியாப்பம் பிழிந்துவிட்டது. அன்று அப்பாவின் கேஸட்டைப் போட்டிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. எந்த டெக் ஆனாலும் வேண்டாத கேஸட்டை முழுக்க ஓட்டி, ரீவைண்ட் செய்து பார்த்த பிறகே வேண்டியதைப் போடுங்கள். ஹெட்டைத் துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணி வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடாது; இழை ஹெட்டில் மாட்டி அதை உடைத்துவிடும்.

கேஸட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்க்காரர்கள் வீட்டில் இது சர்வ சாதாரணம். அதை டெக்கில் போடவே கூடாது. ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேஸட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

கொஞ்சம் செலவு செய்யத் தயாரென்றால் எஸ்-வி.எச்.எஸ். டெக் தேடுங்கள். சாதாரண கேஸட்டையும் அது ஓட்டும். வெளிச்சத்தையும் வர்ணத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பு அதில் உண்டு. பட்டுப்புடவைக் கரையில் நிறம் வழியாமல் வரும். அதிலும் டைம் பேஸ் கரெக்டர் உள்ள மாடல் கிடைத்தால் பாக்கியம். பழைய நாடாவில் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே வருவதால் பந்தல் கால்கள் நெளிந்து தெரியும். அதை நிமிர்த்துவது இதுதான். ஜே.வி.சி., பானாஸோனிக் இரண்டும் இப்படிச் சில மாடல்கள் செய்தன. எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் பானாஸோனிக் டி.எம்.ஆர். இ.எஸ்.10 என்ற பழைய டி.வி.டி. ரிக்கார்டரை நடுவில் வைத்தேன். அதில் பதிவு செய்யவில்லை. ஒரு பக்கம் படம் போய் மறுபக்கம் வெளியே வரும்போது நெளிவு பெரும்பாலும் போய்விடுகிறது. இ.எஸ்.15-உம் அப்படியே.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய கேஸட்டுகள் வேறு ஜாதி. நம்முடையது பால் முறை, 625 வரி, அவர்களுடையது என்.டி.எஸ்.சி., 525 வரி. பால் மட்டும் தெரிந்த டெக்கில் படம் சரியாக வராது. எண்பதுகளில் துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த மல்டி-சிஸ்டம் டெக் யாரிடமாவது இருந்தால் இப்போது அதற்கு மவுசு. சின்ன ஹாண்டிகாம் கேஸட்டுகளுக்கு அதே வகை காமிராதான் டெக். மினி-டி.வி. என்றால் அதன் ஃபயர்வயர் இணைப்பில் ஒரு மணிக்கு சுமார் 13 ஜி.பி. அப்படியே இறக்கலாம், தரம் குறையாது. அந்த இணைப்புள்ள பழைய கம்ப்யூட்டரை விற்றுவிடாதீர்கள்.

இனி அந்தச் சின்னக் கருவி. எஸ்-வீடியோ நுழைவு இருக்கவேண்டும், 720-க்கு 576 அளவில் எடுக்கவேண்டும். அவ்வளவுதான். "1080 ஆக்கித் தருகிறேன்" என்னும் ஏ.வி.-ஹெச்.டி.எம்.ஐ. டப்பாக்கள் வேண்டாம். கேஸட்டில் இல்லாத துல்லியத்தை அவை எங்கிருந்து கொண்டுவரும்? படத்தை அகலமாக இழுத்து எல்லோரையும் குண்டாக்கிக் காட்டுவதுதான் மிச்சம். சாஃப்ட்வேரில் பால்-பி என்று மாற்றிக்கொள்ள மறக்கவேண்டாம். என்.டி.எஸ்.சி.யிலேயே விட்டுவிட்டு, படம் கறுப்பு வெள்ளையாக உருளுகிறதே என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் விஷயம். 4.7 ஜி.பி. டி.வி.டி.யில் நல்ல தரத்தில் ஒரு மணி நேரம், சுமாராக இரண்டு மணி நேரம் கொள்ளும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2006-இல் கடைக்காரர் மூன்று மணி நேர கேஸட்டுக்கு ஒரே டிஸ்க்தான் கொடுத்தார். எனக்கு உறைக்கவில்லை. இந்தத் தடவை முழுக்க ஓடவிட்டபோதுதான் தெரிந்தது, கடைசி ஐம்பது நிமிஷத்தை அவர் ஏற்றவே இல்லை. அதில் சாப்பாட்டுப் பந்தி. காமிரா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "குழந்தைகளை முதல்ல உட்கார வையுங்கோ, பெரியவா அப்புறம் சாப்பிடலாம்." மந்திரம் சொல்லும்போதெல்லாம் நாதஸ்வரத்தில் அவர் குரல் அமுங்கிவிட்டது. தெளிவாகக் கேட்பது இந்த ஒரு இடம்தான். அக்காவுக்கு போனிலேயே போட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம் போடு" என்றாள்.

அதனால் நான் இப்போது செய்வது: கம்ப்யூட்டரில் இறங்கிய ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன், ஒன்று என்னிடம், மற்றது நாக்பூரில். டி.வி.டி. என்பது டிவியில் போட்டுப் பார்க்க விரும்பும் பெரியவர்களுக்கான பிரதி, அவ்வளவே. எம்-டிஸ்க் என்று கல் போன்ற படலத்தில் எழுதும் வகையும் உண்டு. அதற்கு ஏற்ற டிரைவ் வேண்டும். இப்போதைய லாப்டாப்களில் டிரைவே இருப்பதில்லை. எழுதும் ப்ளூ-ரே டிஸ்குகள் செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கேஸட்டை எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிறுத்தி, பரணில் அல்லாமல் அலமாரியில் வையுங்கள்.

என் டெக்கை இன்று கொண்டுவந்திருக்கிறேன், அதோ மேஜை மேல். கேஸட் கொண்டுவந்திருப்பவர்கள் காப்பிக்குப் பிறகு வாருங்கள், போட்டுப் பார்க்கலாம். வெள்ளை பூத்ததை மட்டும் பையை விட்டு எடுக்கவேண்டாம்.